கைப்பேசியில் இல்லாதது கூகலிலும் இல்லை

திருமண ஏற்பாட்டில் இருக்கும் ஒரு குடும்பம், 200 பேருக்கு வாழையிலை விருந்து சமைத்துத் தரும் கேட்டரிங் கடையைத் தேடுகிறது. தேடல் நடப்பது வீட்டுக் கணினியில் அன்று. எம்ஆர்டி ரயிலில் நின்றபடி, கைப்பேசியில். திரையில் முதலில் வரும் சில பெயர்களைத் தட்டிப் பார்ப்பார்கள். எழுத்து பொடியாக இருந்தாலோ விலைப்பட்டியல் திறக்கத் தாமதமானாலோ அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள்.

பல ஆண்டுகளாகச் சிராங்கூன் சாலை வட்டாரத்தில் பெயர் எடுத்த கடைகூட அந்த முதல் சில பெயர்களில் இடம்பெறாமல் போகலாம். “எங்கள் இணையத்தளம் நன்றாகத்தானே இருக்கிறது” என்று உரிமையாளர் நினைப்பார். கடையில் உள்ள கணினியில் பார்த்தால் அது உண்மையும்கூட. ஆனால், கூகல் பார்ப்பது அந்தப் பக்கத்தை அல்ல.

படிப்படியாக வந்த மாற்றம்

2015ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் தேதி, கைப்பேசிக்கு ஏற்ற பக்கங்களுக்குத் தேடல் முடிவுகளில் முன்னுரிமை தரத் தொடங்கியது கூகல். பெரிதாக்காமல் படிக்கக்கூடிய எழுத்து, விரலால் தவறாமல் தட்டக்கூடிய இணைப்புகள், பக்கவாட்டில் நகர்த்தத் தேவையில்லாத அமைப்பு ஆகியவை அப்போது கவனிக்கப்பட்டன. அந்த மாற்றம் கைப்பேசியில் செய்யப்படும் தேடல்களை மட்டுமே பாதித்தது.

அடுத்த மாற்றம் இன்னும் பெரியது. இணையப் பக்கங்களைப் படித்துப் பட்டியலிட கூகலிடம் ஒரு தானியங்கி நிரல் உண்டு. முன்பு அது பக்கங்களைக் கணினித் திரையில் தோன்றும் வடிவில் படித்தது. 2018 மார்ச் முதல், தளங்கள் கட்டங்கட்டமாகக் கைப்பேசி வடிவில் படிக்கப்படும் முறைக்கு மாற்றப்பட்டன. 2019 ஜூலை முதல் புதிய தளங்கள் அனைத்துக்கும் அதுவே வழக்கமானது. எஞ்சியிருந்த தளங்களும் 2024 ஜூலை 5ஆம் தேதிக்குப் பிறகு அப்படியே படிக்கப்படும் என்று கூகல் அறிவித்தது. கைப்பேசியில் அறவே திறக்காத தளம் பட்டியலிலேயே சேராது என்றும் அது எச்சரித்தது.

ஆக, ஒருவர் கணினியில் தேடினாலும் அவருக்குக் கிடைக்கும் முடிவு, கைப்பேசி வடிவில் படிக்கப்பட்ட பக்கத்தைக் கொண்டே முடிவாகிறது.

எங்கே தவறு நேர்கிறது

கைப்பேசிப் பக்கம் ‘எளிமையாக’ இருக்கட்டும் என்று எண்ணி, விலை விவரத்தையும் உணவு வகைகளையும் அதிலிருந்து நீக்கிவிடுவது ஒரு தவறு. நீக்கியவை வாடிக்கையாளருக்கும் தெரியாது, கூகலுக்கும் தெரியாது. தட்டினால் விரியும் பகுதிக்குள் அவற்றை வைத்தால் பாதகமில்லை.

அச்சடித்த துண்டுப்பிரசுரத்தை அப்படியே படமாகப் பதிவேற்றுவது மற்றொன்று. முக்கியமான தகவலைப் படத்துக்குள் வைக்காமல் எழுத்தாகவே தர வேண்டும் என்பது கூகலின் அறிவுரை. தமிழ்க் கடைகளுக்கு இது கூடுதல் முக்கியம். ‘சீர்வரிசைத் தட்டு’ என்று தமிழில் தேடுபவருக்குக் கடை கிடைக்க வேண்டுமானால், அந்தச் சொல் யூனிகோட் எழுத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும்.

வேகமும் கணக்கில் சேரும். பக்கத்தின் முதன்மைப் பகுதி 2.5 விநாடிக்குள் தோன்றுவது நல்லது என்பது கூகல் வைத்திருக்கும் அளவுகோல். 2021ல் இத்தகைய அளவுகோல்கள் கைப்பேசித் தேடலின் தரவரிசையில் சேர்க்கப்பட்டன. சுருக்காமல் பதிவேற்றிய பெரிய படங்களே பல தளங்களை மெதுவாக்குகின்றன.

இது மட்டும் போதுமா?

போதாது. தேடுபவரின் கேள்விக்குப் பொருத்தமான தகவல் பக்கத்தில் இருக்கிறதா என்பதற்கே இன்னமும் முதலிடம். கைப்பேசிக்கு ஏற்ற அமைப்பு, உள்ளடக்கமில்லாத பக்கத்தை மேலே தூக்கிவிடாது. ‘அருகில் உள்ள கடை’ என்று தேடும்போது வரைபடத்தில் வரும் பட்டியல் வேறு கணக்கு. அதில் பொருத்தம், தூரம், கடையின் பெயர்பெற்ற நிலை ஆகியவை பார்க்கப்படுகின்றன. அதற்கான வணிகப் பதிவைக் கூகலில் இலவசமாகவே செய்துகொள்ளலாம்.

ஆனால், நல்ல தகவல் இருந்தும் அது கைப்பேசியில் தெரியாவிட்டால் போட்டியில் நுழையவே வழியில்லை. பெரிய மின்வணிகத் தளங்களில் இதைக் கவனிப்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். குடும்பமாக நடத்தும் கடைகளில் பெரும்பாலும் இல்லை. இடைவெளி விரிவது அங்கேதான்.

தொடக்கத்துக்குப் பெரிய செலவு தேவையில்லை. கூகலின் ‘பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ்’ பக்கத்தில் தள முகவரியைக் கொடுத்தால், கைப்பேசியில் அது எவ்வளவு வேகமாகத் திறக்கிறது, எங்கே குறை என்பதை இலவசமாகப் பார்க்கலாம். தளத்தை வடிவமைத்துத் தர யாரையாவது அமர்த்தினால், வேலை முடிந்ததும் அவரது கணினியில் பார்த்துத் தலையாட்ட வேண்டாம். சொந்தக் கைப்பேசியில் திறந்து, விலையும் முகவரியும் தொலைபேசி எண்ணும் ஒரு நிமிடத்தில் கிடைக்கின்றனவா என்று பார்த்த பிறகு பணத்தைக் கொடுக்கலாம்.