மண்மேட்டின் அடியில் ஒரு மனை

தில்லியிலே பல்லாண்டு வாழ்ந்தும், ஊரிலிருந்து விருந்தினர் வந்த பின்னரே குதுப் மினாரைக் கண்டோர் நம்முள் பலர். வாஷிங்டனில் குடியேறிய நம் அன்பர்களும் அவ்வாறே. அவர்கள் இல்லத்தில் நாம் தங்கியிருந்தபோது, அமெரிக்க உள்நாட்டுப் போர் அத்தலைநகருக்குள் நிகழ்ந்த இடம் எது என வினவினோம். லிங்கன் நினைவாலயத்தைக் காட்டினர். அதுவோ 1922இல் திறக்கப்பெற்றது! பின்னர் நாமே தேடிச் சென்றோம்.

பதின்மூன்றாம் தெருவில் உள்ளது ஸ்டீவன்ஸ் கோட்டை. செஞ்சியை எண்ணிச் செல்வோர் ஏமாறுவர். புல் படர்ந்த மண்மேடும் சில பீரங்கிகளுமே உண்டு. அவையும் 1930களில் புதுக்கியமைக்கப்பட்ட ஒரு பகுதியே. 1861 முதல் 1865 வரை நடந்த போரில் நகரைச் சூழ எழுந்த 68 கோட்டைகளுள் இஃது ஒன்று.

1864 ஜூலை 11ஆம் நாள் தென்மாநிலத் தளபதி ஜூபல் எர்லி இதன் எதிரே வந்து நின்றார். காவலுக்கு இருந்தோருள் நோய் தேறிவந்த வீரரும் அலுவலக எழுத்தரும் மிகுதி. நல்வேளையாக, கப்பலில் உதவிப் படை வந்து சேர்ந்தது. மறுநாள் போரைக் காண லிங்கன் மதில்மேல் நின்றார். அருகிலிருந்த மருத்துவர்மீது குண்டு பாய்ந்தது. ஆறடிக்கு மேற்பட்ட உயரமுடையவர் அங்ஙனம் நிற்கலாமோ!

வடக்கே அரை மைலில், ஓர் ஏக்கர் நிலத்தில், அப்போரில் மடிந்த வடபுல வீரர் 40 பேர் துயில்கின்றனர். போரில் பங்கேற்ற முதியவர் ஒருவர் 1936இல் நாற்பத்தோராமவராய் அவர்களைச் சேர்ந்தார்.

நம் நெஞ்சைவிட்டு அகலாதது, கோட்டை எழுமுன் அம்மண்ணில் இருந்த ஒரு வீடே. அஃது எலிசபெத் தாமஸ் என்னும் கருப்பினப் பெண்மணியின் சொந்த வீடு. அடிமைமுறை 1862 ஏப்ரலில்தான் ஒழிந்த நகரில், சொந்த நிலமுடைய சுதந்திரப் பெண்! படையினர் தட்டுமுட்டுகளை வெளியேற்றி வீட்டை இடித்தனர். கைக்குழந்தையுடன் மரத்தடியில் அமர்ந்து அழுதபோது, உயரமான ஒருவர் வந்து தேற்றினார் என்றும், அவர் லிங்கனே என்றும் அவ்வம்மையார் பிற்காலத்தில் கூறிவந்தார். வாடகை வீட்டைக் காலிசெய்யச் சொன்னாலே நமக்கு இரவெல்லாம் உறக்கமில்லை. சொந்த வீடு கண்ணெதிரே இடிந்தால்?

1917இல் மறையும்வரை அவர் அப்பகுதியிலேயே வாழ்ந்தார். லிங்கன் நின்ற இடத்தைக் குறிக்க 1911இல் கல் நாட்டியபோது எடுத்த நிழற்படத்தில், முதியவர் சிலருடன் அம்மூதாட்டியும் நிற்கிறார்.