'அகில இந்தியா'வில் அகத்தியம்பள்ளி உண்டா?

காருக்கு ஜிபிஎஸ் கருவி வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் சொல்வது திரை எத்தனை அங்குலம் என்பதைத்தான். பெட்டியில் 'அகில இந்திய மேப்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். நம்மவர்களும் தலையாட்டிவிட்டுப் பணத்தை எண்ணி வைத்துவிடுகிறார்கள்!

ஐயா, செயற்கைக்கோள் வழி சொல்வதில்லை. சுமார் 20,000 கி.மீ. உயரத்திலிருந்து வரும் சிக்னலை வைத்து வண்டி நிற்கும் இடத்தைத்தான் கருவி கணக்குப் போடும். எங்கே திரும்புவது என்று சொல்வது உள்ளே ஏற்றியிருக்கும் மேப். அதில் சாலை இல்லையென்றால் உப்பளத்துக்கு நடுவே ஒரு அம்புக்குறி நிற்கும், அவ்வளவுதான்.

"போனில்தான் கூகுள் மேப் இருக்கே?" என்பார்கள். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது போன் டவர்களும்தானே படுத்தன? இணையம் இல்லாமல் ஓடும் மேப் அன்றைக்குத்தான் தேவை.

ஆகவே காசு கொடுக்கும் முன் கடையிலேயே தேடிப் பாருங்கள். தலைஞாயிறு, தோப்புத்துறை வருகிறதா? கோடியக்காட்டையும் கோடியக்கரையையும் ஒன்றாக்காமல் காட்டுகிறதா? ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றிப் போட்டாலும் வேதாரண்யம் கிடைக்கிறதா? அகலப்பாதையாகி 2023-ல் மீண்டும் திறந்த திருத்துறைப்பூண்டி - அகத்தியம்பள்ளி ரயில் பாதை இருக்கிறதா? இல்லையென்றால் மேப் பழசு.

அண்ணா சாலையைக் காட்ட எந்தக் கருவிக்கும் தெரியும். முழு இந்தியாவுக்கு விலை வாங்கிக்கொண்டு நெடுஞ்சாலையை மட்டும் கொடுப்பது என்ன வியாபாரம்? ஊர் வரவில்லையா, பெட்டியை மூடித் திருப்பிக் கொடுங்கள்.