கியா பார்ம் போக எந்த வண்டி?

"கேமரன் மலைக்கு டிக்கெட் போட்டாச்சு. ஏர்போர்ட்டிலிருந்து பஸ்ஸா, காரா?" விடுமுறை நெருங்க நெருங்க இந்தப் பக்கத்துக்கு வரும் கேள்விகளில் இதுவும் ஒன்று. பதில் சொல்வதற்கு முன் நாம் திருப்பிக் கேட்க வேண்டியது ஒன்றுண்டு. மேலே எந்த ஊரில் அறை எடுத்திருக்கிறீர்கள்?

கேமரன் மலை என்பது ஒரே ஊர் கிடையாது. தெற்கிலிருந்து ஏறினால் ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங், கியா பார்ம், திரிங்காப், கோல தெர்லா, கம்போங் ராஜா என்று ஒரே சாலையில் கோத்த மணிகள் மாதிரி ஊர்கள் வரிசையாக வருகின்றன. விரைவுப் பேருந்து நிற்பது தானா ராத்தாவில். நம் குடும்பங்கள் நிறையப் பேர் அறை எடுப்பதோ கியா பார்மில். பெரிய ஹோட்டலும், சமையலறை வைத்த அடுக்குமாடி வீடுகளும் அங்கே கிடைக்கும். வாசலில் காய்கறிச் சந்தை. போ நிறுவனத்தின் சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பும் சாலையும் பக்கத்திலேயே இருக்கிறது. சுமார் 1,600 மீட்டர் உயரம், ராத்திரி ஸ்வெட்டர் தேவைப்படும் ஊர். தானா ராத்தாவிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர்தான் தூரம். ஆனால் பயணத் திட்டம் தடுமாறுவது பெரும்பாலும் இந்த ஏழெட்டு கிலோமீட்டரில்தான்.

பட்டாயா போய் வந்தவர்களுக்கு இது இன்னும் குழப்பும். பாங்காக் சுவர்ணபூமி விமான நிலையத்தில் இறங்கி, கீழ்த்தளத்தில் பட்டாயா பேருந்தில் ஏறினால் கடற்கரை ஊருக்கு நேராகக் கொண்டுபோய் விட்டுவிடும். சமவெளி, அகலமான நெடுஞ்சாலை, சுமார் இரண்டு மணி நேரம். அங்கே எதைத் தேர்ந்தெடுத்தாலும் பெரிய தவறு நடந்துவிடாது. கேமரன் மலையில் விமான நிலையம் இல்லை, ரயிலும் இல்லை. செப்பாங்கில் இருக்கும் கோலாலம்பூர் விமான நிலையத்திலிருந்து முந்நூறு கிலோமீட்டரை ஒட்டிய தூரம். வழியில் நிற்காமல் போனாலே நாலரை, ஐந்து மணி நேரம் ஆகும். அதில் கடைசி ஒன்றரை மணி நேரம் மலைப்பாதை.

மலையேற இரண்டு வழிகள். பழையது தாப்பா வழி. 1930-களின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் போட்டது. தூரம் குறைவு, ஆனால் குறுகலான சாலை, வளைவு முடிவதற்குள் அடுத்த வளைவு. வால்பாறை ஏறும்போது வயிற்றைப் பிடித்துக்கொள்ளும் பிள்ளைகள் இருக்கும் வீடு என்றால் இந்த வழியை நினைத்தே பார்க்க வேண்டாம். அதோடு ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் மூன்றையும் கடந்த பிறகுதான் கியா பார்ம் வரும். மற்றது ஈப்போவுக்குத் தெற்கே சிம்பாங் பூலாயில் பிரியும் சாலை. 2000-களில் வந்தது, அகலம் அதிகம், வளைவுகள் நீளமாக, மெதுவாகத் திரும்பும். தூரம் நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் கூடும். ஆனால் இந்த வழி கம்போங் ராஜாவில் ஏறுவதால், பிரிஞ்சாங் நெரிசலைத் தொடாமலே கியா பார்மை அடைந்துவிடலாம். கியா பார்மில் தங்குபவர்களுக்கு என் தேர்வு இதுதான்.

அகலமான சாலை என்பதால் ஆபத்து குறைவு என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். 2010 டிசம்பர் 20-ஆம் தேதி, இதே சிம்பாங் பூலாய் சாலையில் மலையிறங்கிய இரண்டடுக்குச் சுற்றுலாப் பேருந்து கவிழ்ந்து 25-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலோர் தாய்லாந்திலிருந்து ஊர் பார்க்க வந்தவர்கள். குறுகலான சாலை ஓட்டுநரை மெதுவாகப் போக வைக்கும். அகலமான இறக்கம் வேகத்துக்கு ஆசை காட்டும்.

இப்போது வண்டிக்கு வருவோம். தனியாகவோ, இரண்டு மூன்று நண்பர்களாகவோ போகும் இளைஞர்களுக்குப் பேருந்து போதும். அது கிளம்பும் இடம் டி.பி.எஸ். என்று எல்லோரும் சொல்லும் பண்டார் தாசிக் செலாத்தான் பேருந்து முனையம். இங்கே ஒரு சின்ன விஷயத்தைக் கவனிக்க வேண்டும். விமான நிலையத்திலிருந்து இரண்டு ரயில்கள் ஓடுகின்றன. 'எக்ஸ்பிரஸ்' எங்கும் நிற்காமல் கே.எல். சென்ட்ரல் போய்விடும், கட்டணம் 55 ரிங்கிட். 'டிரான்சிட்' ரயில்தான் பண்டார் தாசிக் செலாத்தானில் நிற்கும், கட்டணமும் அதைவிடக் குறைவு. இறங்கி நடைபாலத்தைக் கடந்தால் முனையம். எக்ஸ்பிரஸில் ஏறியவர்கள் நகரத்துக்குள் போய், அங்கிருந்து வந்த வழியே திரும்ப வேண்டியிருக்கும். ஏர் ஏசியாவில் வருபவர்கள் இரண்டாம் முனையத்தில் இறங்குவார்கள். டிரான்சிட் ரயில் அங்கிருந்தும் உண்டு.

தானா ராத்தாவுக்குப் பேருந்துக் கட்டணம் ஆளுக்கு 40 ரிங்கிட் சுற்றி. ஒரு ரிங்கிட்டை இருபது ரூபாய்க்குச் சற்று மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இணையத்திலேயே டிக்கெட் எடுக்கலாம், ஆனால் விமானம் தரையிறங்கும் நேரத்துக்கும் பேருந்து கிளம்பும் நேரத்துக்கும் நடுவே மூன்று மணி நேரமாவது விடுங்கள். குடியேற்றப் பிரிவு வரிசை எவ்வளவு நீளம் என்பது அன்றைய அதிர்ஷ்டம். மலேசியக் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுவதையும் மறக்க வேண்டாம். 2025 ஜூலை முதல் விரைவுப் பேருந்துகளில் சீட் பெல்ட் கட்டாயமாகியிருக்கிறது. யாரும் பார்க்கிறார்களோ இல்லையோ, மலைப்பாதையில் கட்டிக்கொண்டே இருங்கள்.

தானா ராத்தாவில் இறங்கிய பிறகு கியா பார்முக்கு டாக்ஸிதான். கிராப் செயலியை நம்பி இருக்க முடியாது. கோலாலம்பூரில் இரண்டு நிமிடத்தில் வரும் வண்டி, இங்கே வந்தால் வந்தது. உள்ளூர்ப் பேருந்து உண்டு, அதன் நேரத்துக்கு நாம் காத்திருக்க வேண்டும். ஒரு ஆறுதல், தமிழில் கேட்கலாம். தேயிலை பறிக்க நம் ஊர்களிலிருந்து கப்பலேறியவர்களின் வாரிசுகள் இந்த மலையெங்கும் இருக்கிறார்கள். தோட்டங்களில் தமிழ்ப் பள்ளிகளும் நடக்கின்றன. "கியா பார்ம் போக எவ்வளவுங்க?" என்று கேட்டால் பதில் தமிழிலேயே வர நல்ல வாய்ப்பு இருக்கிறது. வண்டியில் ஏறுவதற்கு முன் கேளுங்கள், ஏறிய பிறகு அல்ல.

ரயில் பிரியர்களுக்கு இன்னொரு வழி. கே.எல். சென்ட்ரலிலிருந்து மின்ரயிலில் ஈப்போ போய், அங்கே அமான்ஜெயா முனையத்தில் கேமரன் மலைப் பேருந்தைப் பிடிக்கலாம். சிம்பாங் பூலாய் வழியாக ஏறும் பேருந்து கியா பார்மைத் தாண்டித்தான் தானா ராத்தா போக வேண்டும். நிறுத்துவாரா என்று ஓட்டுநரிடம் முன்பே கேட்டுவிடலாம். ரயில் நிலையமும் பேருந்து முனையமும் ஒரே இடத்தில் இல்லை என்பதால், பெட்டி குறைவாக இருப்பவர்களுக்கே இது சரிப்படும்.

தாத்தா, பாட்டி, இரண்டு பிள்ளைகள் என்று ஆறு பேராகப் போனால் என் கணக்கு வேறு. பேருந்துக்கு மட்டும் 240 ரிங்கிட். அதோடு ஆறு ரயில் டிக்கெட், மேலே இரண்டு டாக்ஸி. ஓட்டுநரோடு வரும் வேன் இதைவிடக் கூடுதலாகத்தான் கேட்கும். ஆனால் ஆறு பெட்டிகளையும் முழங்கால் வலியையும் மூன்று இடத்தில் ஏற்றி இறக்குவதற்கு யாராவது விலை போட்டிருக்கிறார்களா? வேனையே எடுங்கள். இரண்டு மூன்று இடத்தில் விலை விசாரித்து, சிம்பாங் பூலாய் வழி, சுங்கக் கட்டணம் உட்பட, கியா பார்ம் ஹோட்டல் வாசல் வரை என்பதைக் குறுஞ்செய்தியில் எழுதி வாங்குங்கள். வருகைக் கூடத்தில் "டாக்ஸி வேணுமா?" என்று பின்தொடர்பவர்களோடு போக வேண்டாம். உரிமம் இல்லாத வண்டியில் மலையில் ஏதாவது நடந்தால் கேட்க நாதியில்லை.

"நானே ஓட்டுகிறேன், அங்கேயும் இடதுபக்கம்தானே" என்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சர்வதேச ஓட்டுநர் அனுமதியோடு வாடகைக் கார் எடுப்பது சுலபம்தான். ஆனால் நம் ஊரிலிருந்து போகும் விமானங்களில் பலவும் இரவில் கிளம்புபவை. தூங்காத கண்ணோடு ஐந்து மணி நேரம் ஓட்டி, அதன் முடிவில் மலையேறுவது வீரமல்ல. முதல் நாள் கோலாலம்பூரில் தூங்கி எழுந்து மறுநாள் காலை கிளம்புங்கள். வாடகைக் கார்கள் பெரும்பாலும் ஆட்டோமேட்டிக். இறக்கத்தில் 'டி'யிலேயே விட்டுக் காலைப் பிரேக்கிலேயே வைத்திருந்தால், பிரேக் சூடாகிப் பிடிப்பு போய்விடும். குறைந்த கியருக்கு மாற்றும் முறையைச் சாவி வாங்கும் இடத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எந்த வண்டியானாலும் இருட்டிய பிறகு மலையேற வேண்டாம். மாலை விமானத்தில் இறங்கினால் அன்றிரவு கீழேயே தங்குங்கள். பனிமூட்டம் நம் டைம்டேபிளைப் பார்ப்பதில்லை.

முடிந்தால் வார நாளில் போய்ச் சேருங்கள். சனி, ஞாயிறிலும் மலேசியப் பள்ளி விடுமுறையிலும் கோலாலம்பூரே மேலே வந்துவிடும். சந்தைக்கு வரும் கார்கள் கியா பார்ம் சாலையின் இரண்டு பக்கமும் நிற்க, நடுவில் நம் வண்டி ஊர்ந்து போகும். அப்படிப்பட்ட நாளில் ஹோட்டல் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இறங்கி நடந்து போவதே வேகமான போக்குவரத்து.

திரும்பி வரும் நாளுக்குத்தான் இன்னும் கவனம் தேவை. போகும்போது தாமதமானால் ஒரு வேளைச் சாப்பாடு தள்ளிப்போகும், வரும்போது தாமதமானால் விமானமே போய்விடும். மழைக்காலத்தில் மண்சரிவு ஏற்பட்டுச் சாலையை மூடுவதும் உண்டு. ஞாயிறு இரவு விமானம் என்றால் சனிக்கிழமை காலையிலேயே மலையிறங்கி, கடைசி இரவைக் கோலாலம்பூரிலோ செப்பாங்கிலோ வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ராபெர்ரியையும் சந்தைக் கீரையையும் வெள்ளிக்கிழமையே வாங்கிவிடலாம்.