பெற்றோரும் படிக்கட்டும்!

செஞ்சி என்றதும் யாவர் நெஞ்சிலும் முதலில் எழுவது கோட்டையே. இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரதுர்க்கம் ஆகிய மூன்று குன்றுகளை மதிலால் இணைத்து எழுப்பப்பெற்ற அக்கோட்டை, 2025 சூலைத் திங்களில் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்றது. மராட்டியரின் படைத்தலங்கள் என்னும் தொகுதியில் சேர்க்கப்பெற்ற 12 கோட்டைகளுள் தமிழகத்திலிருந்து இடம்பெற்றது இஃது ஒன்றே. இராசகிரியின் உச்சிக்கு ஏறியவர்கள் ஓர் உண்மையை அறிவார்கள். படிக்கட்டுகள் பலவற்றை ஏறிக் கடந்து உச்சியை நெருங்கும்போது, ஏறத்தாழ 24 அடி அகலமுள்ள ஆழ்ந்த பிளவொன்று குறுக்கிடுகிறது. கால்வலிமை எத்துணை இருப்பினும் அங்கே பயனில்லை. பாலம் இருந்தால்தான் அப்பால் செல்ல இயலும்.

குடும்பமும் வேலையும் அமைந்த பின்னர் மீண்டும் பட்டப்படிப்பில் சேர விழையும் தாய்மார், தந்தைமார் நிலையும் இதுவே. ஊக்கம், உழைப்பு, விடாமுயற்சி என்று நாம் மேடைதோறும் போற்றுவன எல்லாம் படிக்கட்டுகள். அவற்றை ஏற அவர்களுக்குத் தெரியும். அவர்களை இடையில் நிறுத்துவது நேரமின்மை என்னும் பிளவு. அதன்மேல் பாலம் அமைக்கும் கடமை அவர்களைச் சுற்றியுள்ள நம்மையே சார்ந்தது என்பதை வலியுறுத்துவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

செஞ்சி ஒரு வட்டத் தலைநகர். நெல் வரத்துக்குப் பெயர்பெற்ற ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் இவ்வூரில் உண்டு. அறுவடைக் காலத்தில் அங்கே கணக்கெழுதுவோருக்குப் பொழுது புலர்வதும் தெரியாது, சாய்வதும் தெரியாது. அலுவலக எழுத்தர், அங்கன்வாடிப் பணியாளர், துணிக்கடை விற்பனையாளர், பேருந்து நடத்துநர் ஆகியோருள் பள்ளிப் படிப்போடு நின்றவர்கள் எத்தனையோ பேர். அவர்களுள் ஒருவர் அரசு கல்லூரியில் பட்டம் பயில விரும்பினால், ஏறத்தாழ 28 கி.மீ. தொலைவிலுள்ள திண்டிவனத்திற்கோ, 40 கி.மீ. அளவிலுள்ள திருவண்ணாமலை, விழுப்புரம் நகரங்களுக்கோ செல்லலாம். பேருந்துகளுக்கும் குறைவில்லை. ஆயினும் கல்லூரி தொடங்கும் வேளையில்தான் அலுவலகமும் கடையும் திறக்கின்றன. அலுவல் முடிந்து திரும்பும் வேளையில் வீட்டில் பிள்ளைகள் பாடப்புத்தகத்தோடும் பசியோடும் காத்திருக்கின்றனர். கல்லூரி உள்ளூரிலேயே இருந்தாலும் இந்நிலை மாறாது. சாலையின் நீளத்தைவிடக் கடிகாரமே பெருந்தடையாய் நிற்கிறது.

“பிள்ளைகள் படிக்க வேண்டிய காலத்தில் பெற்றவர்களுக்கு என்ன படிப்பு?” என்று வினவுவோர் நம்மிடையே உண்டு. அவர்கள் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அண்ணல் நபி (ஸல்) அவர்களுக்கு முதல் வேத வெளிப்பாடு அருளப்பெற்றபோது வயது 40. வணிகத்தில் ஈடுபட்டு, மக்கட்பேறு எய்தி, குடும்பத் தலைவராய் அவர்கள் விளங்கிய பருவம் அது. அந்த முதற்கட்டளை ஓதுமாறு பணித்தது என்பதை நாம் யாவரும் அறிவோம். நபித்தோழர்கள் முதிர்ந்த வயதிலும் கற்றார்கள் என்பதை இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தம் தொகுப்பின் கல்வி பற்றிய பகுதியில் எடுத்துரைத்துள்ளார்கள்.

அதே பகுதியில் நமக்கு இன்னும் நெருக்கமான இரு செய்திகள் உள்ளன. உமர் (ரலி) அவர்கள் மதீனாவின் புறப்பகுதியாகிய அவாலியில் வாழ்ந்தார்கள். நாள்தோறும் நபியவர்களின் அவைக்கு வருதல் அவர்களுக்கு இயலவில்லை. எனவே தம் அண்டை வீட்டாராகிய அன்சாரித் தோழர் ஒருவருடன் முறை வைத்துக்கொண்டார்கள். ஒருநாள் இவர் செல்வார். மறுநாள் அவர் செல்வார். சென்றவர் தாம் கேட்டறிந்ததை மற்றவருக்கு எடுத்துரைப்பார். மற்றொரு செய்தி பெண்களைப் பற்றியது. ஆண்களே அவையில் மிகுதியாய் இடம்பெறுவதால் தங்களுக்கென ஒரு நாளை ஒதுக்கித் தருமாறு பெண்கள் வேண்டினர். அண்ணலார் அவ்வாறே ஒரு நாளைக் குறித்து அவர்களுக்கு அறிவுரை வழங்கினார்கள்.

முதற்செய்தியில் அண்டை வீட்டார் தோள் கொடுத்தார். இரண்டாவது செய்தியில் கற்பிக்கும் அவையே தன் நாளை மாற்றியமைத்துக்கொண்டது. கற்க விரும்பியோரிடம் “உங்கள் ஊக்கம் போதாது” என்று எவரும் உரைக்கவில்லை. இவ்விரு வழிகளுமே இன்று நமக்குத் தேவை.

தமிழ்த்துறை மாணவர்கள் நன்கறிந்த சான்று ஒன்று உண்டு. டாக்டர் மு. வரதராசனார் இளமையில் திருப்பத்தூர் வட்ட அலுவலகத்தில் எழுத்தராகப் பணியாற்றியவர். தாமே பயின்று 1935இல் வித்துவான் தேர்வில் மாநிலத்தில் முதலிடம் பெற்றார். அவ்வாண்டிலேயே திருமணமும் நிகழ்ந்தது. திருப்பத்தூரில் பள்ளித் தமிழாசிரியராய் இருந்துகொண்டே 1939இல் பி.ஓ.எல். பட்டம் பெற்றார். பின்னர்ப் பச்சையப்பன் கல்லூரியில் பணிபுரிந்தவாறே 1944இல் எம்.ஓ.எல். பட்டமும், 1948இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டமும் அடைந்தார். அவர் 1971இல் மதுரைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். அஞ்சல்வழிக் கல்வியை அப்பல்கலைக்கழகம் தொடங்கியதும் அவ்வாண்டிலேயே. வித்துவான் தேர்வைத் தனியே பயின்று எழுதலாம் என்ற வழி அன்று திறந்திருந்ததால்தான் ஒரு வட்ட அலுவலக எழுத்தரிடமிருந்து துணைவேந்தர் ஒருவர் உருவாக முடிந்தது.

வழி திறவாதிருந்தோர் கதையும் நம் சமுதாயத்தில் உண்டு. நாகூர் சித்தி ஜுனைதா பேகம் மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளி செல்லும் வாய்ப்புப் பெறாதவர். அவர் எழுதிய “காதலா கடமையா” என்னும் புதினம் 1938இல் வெளிவந்தது. அவருக்கு ஆற்றல் குறையவில்லை, வாயில்தான் இல்லை. அவர் போன்று எழுதாமலே மறைந்த தாய்மார் எத்தனை பேரோ, இறைவனே அறிவான்.

இன்று வாயில்கள் பல. இந்தியாவில் அஞ்சல்வழிக் கல்வி 1962இல் தில்லிப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. பிரிட்டனில் 1969இல் அமைக்கப்பெற்ற திறந்தநிலைப் பல்கலைக்கழகம், 1971 முதல் வானொலி, தொலைக்காட்சி வாயிலாக உழைக்கும் மக்களின் இல்லத்திற்கே பாடத்தைக் கொண்டு சென்றது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981இலும் தொலைநிலைக் கல்வியைத் தொடங்கின. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985இலும், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002இலும் தோன்றின. இந்திரா காந்தி பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டு இளநிலைப் பட்டத்தை ஆறு ஆண்டுகள் வரை பயிலலாம். கைக்குழந்தை உள்ள தாய்க்கு இச்சலுகையின் அருமை தெரியும்.

ஆயினும் சேருமுன் ஆராய்தல் வேண்டும். சேர விரும்பும் பாடத்திற்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் ஏற்பு உள்ளதா என்று காணுதல் முதற்கடமை. ஏற்புடைய தொலைநிலைப் பட்டம் நேர்முறைப் பட்டத்திற்கு இணையானதென அக்குழு விதித்துள்ளது. மற்றொன்றும் நினைவிற்குரியது. பத்தாம் வகுப்பையும் மேல்நிலைக் கல்வியையும் முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் வழியாக நேரடியாகப் பெறும் பட்டம் அரசுப் பணிக்கு ஏற்கப்படாது என்று தமிழக அரசு 2009இல் ஆணை பிறப்பித்தது. இதனை அறியாமல் பணமும் ஆண்டுகளும் செலவிட்டு ஏமாறுதல் கூடாது. அரசுப் பணியை நாடுவோர் முதலில் தனித்தேர்வராக மேல்நிலைத் தேர்வை எழுதி முடித்தல் நலம்.

அரசும் பல்கலைக்கழக மானியக் குழுவும் சிலவற்றைச் செய்துள்ளன. முனைவர் பட்ட ஆய்வு செய்யும் பெண்களுக்கு 240 நாள் வரை மகப்பேறு அல்லது குழந்தை பராமரிப்பு விடுப்பு உண்டு. இளநிலை, முதுநிலை மாணவியர்க்கும் மகப்பேற்று விடுப்பு விதிகளை வகுக்குமாறு 2021 திசம்பரில் மானியக் குழு பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. இவை வரவேற்கத்தக்கன. எனினும், பள்ளி முடித்து நேரே கல்லூரி புகுவோருக்கென வகுக்கப்பெற்ற உதவித் திட்டங்களே மிகுதி. 2022இல் தொடங்கப்பெற்ற புதுமைப் பெண் திட்டமும் அத்தகையதே. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துப் பத்தாண்டு கழித்துத் தொலைநிலையில் படிக்க வரும் தாய் அதன் பயனைப் பெற இயலாது. நம் சமுதாய அறக்கட்டளைகளின் கல்வி உதவியும் பெரும்பாலும் இளைஞர்களை எண்ணியே வழங்கப்படுகிறது.

இவ்விடத்தில் ஒரு மறுப்பை நேர்மையோடு எதிர்கொள்ளல் வேண்டும். பெற்றோர் படித்தால் பிள்ளைகளுக்குரிய நேரம் குறையும் என்பர். குறையத்தான் செய்யும். தேர்வு நெருங்கும் வாரங்களில் வீட்டில் ஒழுங்கு சற்றுக் குலையும்; செலவும் கூடும். இவற்றை மறைத்துப் படிப்பின் பெருமையை மட்டும் பேசுவது முறையன்று. ஆனால் அந்தச் சுமை முழுவதும் படிப்பவர் தலையிலேயே, சிறப்பாகத் தாயின் தலையிலேயே, விழ வேண்டுமா என்பதே வினா. கணவர் படித்தால் வீடு அமைதி காக்கிறது. மனைவி படித்தால் சமையல் முடிந்து, பாத்திரம் கழுவி, பிள்ளைகள் உறங்கிய பின் எஞ்சும் நேரமே அவருக்குக் கிட்டுகிறது. உமர் (ரலி) அவர்கள் அண்டை வீட்டாருடன் வைத்த முறையை, ஒரே வீட்டில் வாழும் இருவர் வைத்துக்கொள்ள இயலாதா?

செய்ய வேண்டியவை பெருஞ்செலவு பிடிப்பன அல்ல. வாரத்தில் இரண்டு மாலைப்பொழுதுகள் படிப்பவருக்கு உரியன என்று குடும்பம் வரையறுக்கலாம். அந்நேரத்தில் சமையலும் பிள்ளைகளும் மற்றவர் பொறுப்பு. கடை உரிமையாளர் தேர்வு நாள்களின் விடுப்பை மனமுவந்து அளிக்கலாம். இஷாவுக்குப் பின் மதரஸாக் கூடத்தை ஆண்களுக்கும், பிள்ளைகள் பள்ளி சென்றபின் முற்பகலில் பெண்களுக்கும் படிப்பிடமாக ஜமாஅத்தார் திறந்துவிடலாம். உதவித்தொகையில் ஒரு பகுதியை வயது வரம்பின்றிப் பெற்றோர்க்கென ஒதுக்கலாம்.

கல்லூரிகளின் பொறுப்பு இன்னும் பெரிது. 1919இல் வாணியம்பாடி இசுலாமியாக் கல்லூரியும், 1951இல் திருச்சி ஜமால் முகமது கல்லூரியும், 1965இல் மேல்விசாரம் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரியும் தோன்றியது, கல்வி எட்டாதிருந்தோர்க்கு அதனை எட்டச் செய்வதற்கே. அம்மரபில் வந்த ஒவ்வொரு கல்லூரியும் தன் நூலகத்தை இரவு எட்டு மணி வரை வெளியார்க்கும் திறந்து வைக்கலாம். ஞாயிற்றுக்கிழமை வகுப்புகள் நடைபெறும்போது சிறுபிள்ளைகள் இருப்பதற்கு ஓர் அறையையும் அவர்களைக் கவனிக்க ஒருவரையும் அமர்த்தலாம். தொலைநிலையில் பயில்வோரின் ஒப்படைப்புகளைத் திருத்தி வழிகாட்ட ஆசிரியர் ஒருவரைப் பொறுப்பாக்கலாம். பெண்களுக்கென ஒரு நாள் ஒதுக்கப்பெற்ற வரலாற்றைப் போற்றும் நாம், நம் கால அட்டவணையில் சிறு மாற்றம் செய்யத் தயங்கலாமா?

மாணவச் செல்வங்களே! உங்கள் தாயோ தந்தையோ, “எனக்கும் படிக்க ஆசை” என்று ஒருநாள் சொல்லக்கூடும். நகைத்துவிடாதீர்கள். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுங்கள். நீங்கள் கற்றதை மாலையில் அவர்களோடு பகிர்ந்துகொள்ளுங்கள். தம்பி தங்கையரை ஒருநாள் நீங்கள் கவனித்துக்கொள்ளுங்கள். அவர்கள் உங்களுக்காகப் பல்லாண்டு முறை தாங்கினார்கள். இனி அவர்களுக்காக நீங்கள் முறை தாங்கும் காலம். எல்லாம் வல்ல அல்லாஹ் அந்நற்பணிக்குத் துணைபுரிவானாக!