நாய்க்கும் குடல் உண்டு

"2022இல் மனிதருக்கே மருந்து கிடைக்காமல் தவித்த நாடு இது. இங்கே ஒரு நாய்க்குச் சத்திரசிகிச்சையா? உமக்கென்ன பைத்தியமா?" என்று கேட்டார் என் நண்பர். அவருக்கான பதில் இது.

முதலில் குற்றவாளியைச் சொல்லிவிடுகிறேன். நான்தான். எங்கள் வீட்டு நாய் காலை நொண்டியபோது, என் மூட்டுவலிக்கு வாங்கிவைத்த டைக்ளோபினாக் மாத்திரையை ஐந்து நாட்கள் சோற்றில் பிசைந்து கொடுத்தேன். ஆறாம் நாள் அது உணவை மறுத்தது; கோப்பித்தூள் போல வாந்தியெடுத்தது. முன்னங்கால்களை நிலத்தில் நீட்டி, பின்புறத்தை உயர்த்தி, வணங்குவதுபோல் நின்றது. அது வயிற்றுவலியின் அடையாளம் என்று பின்னரே அறிந்தேன்.

இவ்வகை மாத்திரைகள் வலியை அடக்கும்போதே, இரைப்பைச் சுவரை அமிலத்திலிருந்து காக்கும் ஏற்பாட்டையும் குலைத்துவிடுகின்றன. புண் ஆழமாகி, இரைப்பையின் கீழ்வாயிலிலோ சிறுகுடலின் தொடக்கத்திலோ துளை விழுகிறது. விழுங்கிய எலும்புத்துண்டும் மாங்கொட்டையும் நூலும்கூடக் குடலைத் துளைக்கக்கூடும். கசியும் அமிலமும் கிருமிகளும் வயிற்றறை முழுவதும் பரவுகின்றன. அந்நிலையில் மருந்தை மட்டும் கொடுத்துக் காத்திருப்பது, மரண அறிவித்தலை எழுதிவைப்பதற்குச் சமன்.

எக்ஸ்ரேயில் குடலுக்கு வெளியே காற்றுத் தெரிந்தது. வயிற்றிலிருந்து ஊசியால் எடுத்த திரவத்தில் கிருமிகள் இருந்தன. மிருக வைத்தியர் அன்றிரவே வயிற்றைத் திறந்தார். துளையின் இறந்த விளிம்பை வெட்டித் தைத்தார். கொழுப்புச் சவ்வால் அதைப் போர்த்தினார். இளஞ்சூடான உப்புநீரால் வயிற்றறையைப் பலமுறை கழுவினார். குடல் அழுகியிருந்தால் அப்பகுதியை அகற்றி இருமுனைகளையும் இணைத்திருப்பார். தையல் கசியும் ஆபத்து மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள்வரை அதிகம். சத்திரசிகிச்சைக்குப் பின்னரும் இறக்கும் நாய்கள் பல. எங்களுடையது பிழைத்தது.

நண்பரே, நான் அதைச் சாகவிட்டிருந்தால் எந்த நோயாளிக்கு ஒரு மாத்திரையேனும் கூடுதலாகக் கிடைத்திருக்கும்? மருந்துத் தட்டுப்பாட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களை விட்டுவிட்டு, வாயில்லாச் சீவனிடம் கணக்குக் கேட்பது எளிது. என் கையால் துளைத்த வயிற்றைத் தைக்கச் செலவழித்த பணம் ஆடம்பரமாகாது. அது நான் பட்ட கடன்.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. நாய் நொண்டிய முதல்நாளே ஏன் மிருக வைத்தியரிடம் போகவில்லை? அதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. வாசகர்களே, வீட்டு மருந்துப் பெட்டியை உங்கள் நாய்க்காகத் திறக்காதீர்கள்.