மங்கலமும் மங்கலும்

"தம்பி, நீ கம்ப்யூட்டர்தானே படிச்சே? கல்யாணத்துக்கு வீடியோ எடுக்க, கைக்கு அடக்கமான விலையில நல்ல கேமரா ஒண்ணு சொல்லேன்." வைகாசி, ஆவணி, தை என்று முகூர்த்த மாதங்கள் நெருங்கும்போதெல்லாம் உறவினர் யாராவது இப்படிக் கேட்கிறார்கள். "மொதல்ல ஒரு மைக் வாங்குங்க" என்பேன். கேட்டது கேமரா, இவன் மைக்கைச் சொல்கிறானே என்று பார்ப்பார்கள். "அதெல்லாம் இருக்கட்டும்பா, ஃபோர்கே எடுக்குமா?" என்பதுதான் அடுத்த கேள்வி.

ஃபோர்கே எடுக்கும். ஆனால் எதை எடுக்கும்?

கல்யாண வீடியோ என்ற பெயரில் இன்று நம் மண்டபங்களில் நடப்பது கல்யாணத்துக்கே விரோதமான காரியம் என்பது என் கட்சி. மலிவான ஒரு ஹேண்டிகேம் அதைவிட நேர்மையான வேலையைச் செய்யும். செலவு மிச்சமாகும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. செலவு குறைவது கூடுதல் லாபம், அவ்வளவுதான்.

எண்பதுகளின் இறுதியிலும் தொண்ணூறுகளிலும் நம் வீட்டுக் கல்யாணங்களை எடுத்தவர் தோளில் ஒரு விஎச்எஸ் கேமராவைச் சுமந்து வருவார். பின்னாலேயே ஒரு பையன் கண்ணைக் கூசவைக்கும் வீடியோ லைட்டைத் தூக்கிக்கொண்டு நடப்பான். மூன்று மணி நேர கேசட். பந்தியில் ஒவ்வொரு இலையாக வெளிச்சம் நகரும். சாம்பாரில் கைவைத்தவர்கள் நெளிவார்கள். மொய் எழுதும் மேஜை, சமையல்கட்டு, வாசலில் சந்தனம் கொடுக்கும் சிறுமி எல்லாம் அதில் உண்டு. கலைநயம் கிடையாது. ஆனால் யார் வந்தார்கள், யார் யாருடன் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பது அதில் இருந்தது.

2008-இல் கேனான் 5டி மார்க் 2 வந்தது. முழு எச்டி வீடியோ எடுக்கக்கூடிய முதல் டிஎஸ்எல்ஆர் கேமரா அது. பெரிய சென்சார், அகலத் திறக்கும் லென்ஸ். இரண்டும் சேர்ந்தால் குவியத்தின் ஆழம் சுருங்கிவிடும். மணப்பெண்ணின் கண் கூர்மையாகத் தெரியும், ஓரடி பின்னால் இருப்பது வெண்ணெய்போல் உருகிவிடும். சினிமாவுக்கு இது வரப்பிரசாதம். கதாநாயகியை மட்டும் பார் என்று பார்வையாளரிடம் இயக்குநர் சொல்ல முடிகிறது. அதே உத்தி சில ஆண்டுகளில் கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்து, அதுவே தரம் என்றாகிவிட்டது.

ஆனால் கல்யாணத்தில் பின்னணி என்று ஒன்று உண்டா? அந்த வெண்ணெயில் கரைவது யார்? பெண்ணின் அம்மா. நாத்தனார் முடிச்சுப் போடக் காத்திருக்கும் அக்கா. அட்சதையை இறுக்கிப் பிடித்தபடி எட்டிப் பார்க்கும் அத்தைகள். இத்தனை பேர் பார்க்க நடப்பதால்தான் அது கல்யாணம். இரண்டு பேர் மட்டும் போதும் என்றால் மண்டபம் எதற்கு? சாட்சிகளை மங்கலாக்கிவிட்டு மங்கலத்தைப் படமெடுத்தேன் என்பது எனக்குப் புரிவதில்லை.

மலிவு ஹேண்டிகேமில் சென்சார் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. விளம்பரத்தில் அதைக் குறையாகச் சொல்வார்கள். அந்தக் குறையால்தான் முன்னால் இருப்பவரும் பின்னால் இருப்பவரும் ஒன்றாகத் தெளிவாகத் தெரிகிறார்கள். இருட்டில் அது புள்ளி புள்ளியாகத் தெரியும் என்பது உண்மை. ஆனால் இன்றைய மண்டபங்களில் வெளிச்சத்துக்கு என்ன பஞ்சம்?

இனி ஒலி. என் சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு ஒரு ஸ்டுடியோவை அமர்த்தினார்கள். ட்ரோன், கிரேன், நாலு கேமரா. மேடையில் முக்கால்வாசி நேரம் அவர்கள் முதுகைத்தான் பார்த்தோம். "அம்மா, கொஞ்சம் தள்ளுங்க, ஃபிரேம்ல வர்றீங்க" என்று ஒரு பையன் சொன்னது என் சித்தியிடம். பெண்ணைப் பெற்றவளிடம்! முதல்நாள் சாயங்காலம் நலுங்கில் எங்கள் பெரியத்தை பாடினார். சம்பந்தி வீட்டாரைப் பெயர் சொல்லிக் கிண்டல் செய்து, அந்த இடத்திலேயே அடிகட்டிப் பாடுவார். மண்டபமே சிரித்தது. இரண்டு வருடத்தில் அத்தை போய்ச் சேர்ந்தார். வீடியோவில் அவர் இருக்கிறார், ஆறு விநாடி. உதடு அசைகிறது. மேலே ஓடுவது ஒரு சினிமாப் பாட்டு. எடிட் செய்யாத மூலத்தைக் கேட்டபோது, "அடுத்த முகூர்த்தத்துக்கு டிஸ்க் வேணும்னு அழிச்சிட்டோம் சார்" என்றார்கள்.

அந்த ஸ்டுடியோ மட்டும் செய்த பாவமல்ல இது. பழைய கேசட்டுகளிலும் இதய வடிவத்துக்குள் ஜோடியை வைத்து சினிமாப் பாட்டைத்தான் போட்டார்கள். முப்பது வருடமாக நம் வீட்டுக் கிழவிகளின் குரலை அழித்துக்கொண்டே வருகிறோம். படம் மட்டும் தெளிவாகிக்கொண்டே போகிறது.

ஆகவே பணத்தை எந்த வரிசையில் செலவழிப்பது என்பதுதான் கேள்வி. என் வரிசை இது: ஒலி, ஸ்டாண்ட், நேரம், லென்ஸ். கடைசியில்தான் ஃபோர்கே.

முதலில், கேமராவில் வெளி மைக் செருக இடம் இருக்கிறதா என்று பாருங்கள். சோனி சிஎக்ஸ்405-இல் கிடையாது. கேனான் லெக்ரியா எச்எஃப் ஆர்806-இல் உண்டு. செகண்ட் ஹேண்டில் தேடும்போது இந்த ஒரு விஷயம் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். இல்லாவிட்டால் ஜூம் எச்1என் போன்ற சின்ன ரெக்கார்டரை மணமேடைக்குப் பக்கத்தில் வைத்துவிடலாம். தூரம் இரட்டிப்பானால் நேராக வந்து சேரும் ஒலியின் செறிவு நாலில் ஒரு பங்காகிவிடும். முப்பது மடங்கு ஜூமில் முகத்தைக் கிட்டே கொண்டுவரலாம், குரலைக் கொண்டுவர முடியாது.

அடுத்து, ஒலியளவைத் தானாகச் சரிசெய்யும் வசதி இருந்தால் அணைத்துவிட்டு கையால் வையுங்கள். கெட்டிமேளம் கொட்டியதும் அந்த வசதி பயந்துபோய் அளவைக் கீழே இறக்கிவிடும். மேளம் நின்ற அடுத்த சில விநாடிகளில் அப்பா சொல்லும் ஒரு வார்த்தை அதில் அமுங்கிப்போகும்.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்குகள் பல விநாடிக்கு நூறு முறை துடிக்கும். அதனால் விநாடிக்கு 25 அல்லது 50 சட்டகம், ஷட்டர் 1/50 அல்லது 1/100 என்று வையுங்கள். 30 சட்டகத்தில் விட்டால், சீரியல் விளக்குப் பின்னணியில் வரிவரியாக ஓடலாம்.

எட்டு மணி நேரம் எடுக்கிறீர்கள் என்று கணக்குப் போடுவோம். எச்டியில் விநாடிக்கு 24 மெகாபிட் என்றால் மணிக்கு 10.8 ஜிபி, மொத்தம் 86 ஜிபி சொச்சம். ஒரே 128 ஜிபி கார்டில் அடங்கும். ஃபோர்கே, 100 மெகாபிட் என்றால் மணிக்கு 45 ஜிபி, மொத்தம் 360. மூன்று பிரதி வைத்தால் ஒரு டெராபைட் தாண்டிவிடும். அப்புறம், "டிஸ்க் வேணும்னு அழிச்சிட்டோம்." எதை மூன்று இடத்தில் பத்திரமாக வைக்க முடியுமோ அதுவே சரியான தரம் என்பது என் தொழில் எனக்குக் கற்றுத்தந்த பாடம்.

"போன் போதாதா?" என்பார்கள். ஐந்து நிமிஷத் துண்டுகளுக்கு தாராளமாகப் போதும். ஆனால் நாலு மணி நேரம் ஸ்டாண்டில் நிற்கப் போன் பிறக்கவில்லை. சூடேறும், சார்ஜ் இறங்கும், பால்காரர் கூப்பிடுவார். முக்கியமாக, எடுப்பவருக்கே அது தேவைப்படும்.

"ஸ்டுடியோக்காரர்கள் பிழைக்க வேண்டாமா?" நியாயமான கேள்வி. முகூர்த்த நாள் இரவில் இரண்டு மணி நேரம் மட்டும் தூங்குகிற அந்தப் பையன்கள்மேல் எனக்குக் கோபமில்லை. அவர்களையே கூப்பிடுங்கள். ட்ரோனுக்குக் கொடுக்கிற காசை அவர்கள் உழைக்கும் நேரத்துக்குக் கொடுங்கள். சொந்த ஒலி இருக்க வேண்டும், மூலப் பதிவு முழுவதும் எங்கள் கைக்கு வர வேண்டும், மேடையில் யாரையும் தள்ளச் சொல்லக்கூடாது என்று மூன்று நிபந்தனைகளை முன்பணம் கொடுக்கும் நாளிலேயே பேசிவிடுங்கள்.

"எட்டு மணி நேரத்தை யார் உட்கார்ந்து பார்ப்பா?" யாரும் பார்க்க மாட்டார்கள். வீட்டுப் பத்திரத்தை யார் தினமும் படிக்கிறார்கள்? அதற்காக நாலு வரியில் சுருக்கி எழுதி, அசலைக் கிழித்துப் போடுவோமா? டீசரை முதல் மாதம் இருபது தடவை பார்ப்பீர்கள், வாட்ஸ்ஆப்பில் வைப்பீர்கள். அதோடு சரி. எட்டு மணி நேரப் பதிவு வேறொரு நாளுக்கு. தாத்தா எப்படிப் பேசுவார் என்று ஒரு பேரன் கேட்கும் நாளுக்கு. அவன் கேட்பது தாத்தாவின் இரண்டு நிமிஷம்தான். அது எந்த இரண்டு நிமிஷம் என்று எடுக்கிற அன்று யாருக்கும் தெரியாது. தெரியாததால்தான் முழுவதையும் எடுக்கச் சொல்கிறேன்.

எனவே, தை மாதம் கல்யாணம் வைத்திருப்பவர்களே, மணமேடையும் முதல் இரண்டு வரிசையும் ஒன்றாகத் தெரியும் இடத்தில் ஒரு ஸ்டாண்டைப் போடுங்கள். அதில் ஒரு பழைய ஹேண்டிகேமை வையுங்கள், மைக்கை மணவறைப் பக்கம் நீட்டுங்கள். முதல் பந்தியில் உட்காராத பொறுமைசாலிப் பையன் ஒருவனைக் காவலுக்கு நிறுத்துங்கள். நலுங்கையும் பந்தியையும் அவனையே எடுக்கச் சொல்லுங்கள். மணமக்கள் எப்படியும் அழகாகத்தான் இருப்பார்கள். அவர்களுக்குப் பின்னால் நிற்பவர்கள் தெளிவாகத் தெரிய வேண்டும், அவர்கள் பேசுவது கேட்க வேண்டும். கேமரா வாங்கும்போது இந்த இரண்டைப் பார்த்தால் போதும்.