வேன் வருது, டை, ஷூ எல்லாம் இருக்கு... அங்கீகாரம் இருக்கா? தனியார் பள்ளி வாசலில் நிற்கும் ராதாபுரம் பெற்றோர் கவனத்துக்கு

ராதாபுரம்:

ஏப்ரல், மே வந்தாலே ராதாபுரம், வள்ளியூர், திசையன்விளை, பணகுடி வட்டாரத்தில் ரோட்டோரம் பூராவும் பள்ளிக்கூட பேனர்தான். டை கட்டிய பிள்ளை படம், மஞ்சள் வேன் படம், கீழே செல் நம்பர். எல்.கே.ஜி. அட்மிஷன் நடக்கிறது என்று ஆட்டோவில் மைக் கட்டியும் சொல்லிக்கொண்டு போகிறார்கள்.

இதைப் பார்த்துவிட்டு பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலுக்குப் போகிறவர்கள் யார்? வசதியானவர்கள் எப்பவோ நாகர்கோவில், பாளையங்கோட்டை என்று போய்விட்டார்கள். இப்போது போகிறவர்கள் காற்றாலையில் வாட்ச்மேன் வேலை பார்ப்பவர், பீடி சுற்றும் அம்மா, வாழைத்தோட்டத்தில் கூலிக்குப் போகிறவர், கொத்தனார், கடலுக்குப் போகிறவர். கம்மலை அடகு வைத்து முதல் தவணை கட்டுகிற ஜனங்கள்.

ஜவுளிக்கடையில் ஒரு சேலை எடுக்கக்கூட நாலு தடவை பிரித்துப் பார்க்கிறோம். பள்ளிக்கூடத்தில் மட்டும் ஆபீஸ் ரூமில் பேன் போட்டு உட்கார வைத்தால் போதும், நீட்டின இடத்தில் கையெழுத்து போட்டுவிட்டு வந்துவிடுகிறோம்.

சுவரில் என்ன மாட்டியிருக்கு?

முதலில் கேட்க வேண்டியது பீஸ் எவ்வளவு என்பது இல்லை. பள்ளிக்கு அங்கீகாரம் இருக்கா, எந்த வகுப்பு வரைக்கும் இருக்கு, எந்த தேதி வரைக்கும் இருக்கு என்பதுதான்.

தனியார் பள்ளி நடத்த அங்கீகாரம் வாங்க வேண்டும் என்றால் நாலு சர்டிபிகேட் வேண்டும். கட்டட உறுதிச் சான்று, கட்டட உரிமச் சான்று, சுகாதாரச் சான்று, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று. இதெல்லாம் ஒரு தடவை வாங்கி பீரோவில் பூட்டி வைக்கிற சமாச்சாரம் இல்லை. தேதி முடிந்தால் திரும்ப வாங்க வேண்டும். காட்டுங்க சார் என்று கேட்க பெற்றோருக்கு கூச்சம். கேட்டால் பிள்ளைக்கு சீட் இல்லைன்னு சொல்லிருவாங்களோ என்று பயம் வேற.

தலைமை ஆசிரியர் கையெழுத்து செல்லுமா, செல்லாதா என்பதற்காகவே ஹைகோர்ட் வரைக்கும் போன தொகுதி நம்ம ராதாபுரம். 2016 சட்டமன்ற தேர்தலில் 49 ஓட்டு வித்தியாசம். தபால் ஓட்டில் நடுநிலைப்பள்ளி தலைமை ஆசிரியர் போட்ட கையெழுத்து செல்லாது என்று ஒதுக்கியதுதான் வழக்கே. 2019-ல் அந்த ஓட்டுகளை எண்ணச் சொல்லி ஹைகோர்ட் உத்தரவு போட்டது. ஒரு கையெழுத்துக்கு அவ்வளவு பார்த்த ஊரில், பிள்ளையை விடுகிற பள்ளிக்கு சர்டிபிகேட் கேட்கக் கூடாதா?

இன்னொரு விஷயம். 'நர்சரி அண்டு பிரைமரி' என்று அங்கீகாரம் வாங்கின பள்ளி என்றால் 5-ம் வகுப்போடு சரி. ஆனால் பேனரில் 'சி.பி.எஸ்.இ. பேட்டர்ன்' என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். பேட்டர்ன் வேறு, சி.பி.எஸ்.இ. போர்டில் இணைப்பு வாங்குவது வேறு. இணைப்பு இருந்தால் அதற்கு ஒரு நம்பர் இருக்கும். அந்த நம்பரைக் கேளுங்கள். அதேபோல அரசு கணக்கில் உள்ள எந்தப் பள்ளிக்கும் 11 இலக்கத்தில் யூ-டைஸ் நம்பர் உண்டு. அதுவும் இல்லை என்றால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டியதுதான். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய அரசு தரும் உதவித்தொகைகூட அங்கீகாரம் உள்ள பள்ளியில் படித்தால்தான் கிடைக்கும்.

கும்பகோணம் மறந்து போச்சா?

2004 ஜூலை 16. கும்பகோணத்தில் தனியார் பள்ளியில் சத்துணவு சமையல் தீ கூரையில் பிடித்து 94 குழந்தைகள் கருகிப் போனார்கள். ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளி. மேலே ஓலைக் கூரை. இறங்கி ஓட குறுகலான படி. பத்து வருடம் கழித்து 2014 ஜூலையில்தான் தஞ்சாவூர் கோர்ட்டில் தீர்ப்பு வந்தது. அங்கே பிள்ளையைச் சேர்த்த பெற்றோரும் நம்மை மாதிரிதான். இங்கிலீஷ் மீடியம் என்ற பெயரைப் பார்த்தார்கள், மாடிப்படியைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகுதான் ஓலைக் கூரை ஒழிந்தது, சர்டிபிகேட் கெடுபிடி வந்தது. அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. 2021 டிசம்பர் 17-ந்தேதி நம்ம நெல்லை டவுனிலேயே சாப்டர் மேல்நிலைப்பள்ளியில் கழிவறைச் சுவர் இடிந்து 3 மாணவர்கள் செத்தார்கள். அது பழம்பெரும் அரசு உதவிபெறும் பள்ளி. ஆகவே பெரிய பெயர், பழைய பெயர் என்பதும் பாதுகாப்புக்கு கியாரண்டி கிடையாது.

பள்ளியைப் பார்க்கப் போகிறவர்கள் ஆபீஸ் ரூமோடு திரும்பக் கூடாது. கழிவறையைப் பாருங்கள், தண்ணீர் வருதா, கதவு இருக்கா, சுவரில் விரிசல் ஓடுதா என்று பாருங்கள். மாடியில் எல்.கே.ஜி. வைத்திருக்கிறார்களா, வேற படி இருக்கா என்று பாருங்கள். மே மாதம் போனால் வெள்ளையடித்து பளபளவென்றுதான் இருக்கும். முடிந்தால் பள்ளி நடக்கிற நாளில், காலை 10, 11 மணிக்கு ஒரு நடை போய் வாருங்கள். அப்போது தெரியும் ஒரு ரூமில் எத்தனை பிள்ளை, எத்தனை டீச்சர் என்று.

பீஸ் கணக்கு

தனியார் பள்ளி இஷ்டத்துக்கு பீஸ் வாங்க முடியாது. 2009-ல் தமிழக அரசு இதற்குத் தனிச் சட்டமே போட்டது. ஓய்வுபெற்ற ஹைகோர்ட் நீதிபதி தலைமையிலான குழு ஒவ்வொரு பள்ளிக்கும் எந்த வகுப்புக்கு எவ்வளவு என்று நிர்ணயம் செய்து ஆர்டர் கொடுக்கிறது. அதற்கு மேல் வாங்கினால் 3 வருடம் முதல் 7 வருடம் வரை ஜெயில் என்று சட்டம் சொல்லுது. கூடுதலாக வாங்கினதைத் திருப்பியும் தர வேண்டும்.

ஆனால் நடப்பது என்ன? நிர்ணயித்த பீஸுக்கு ஒரு ரசீது, மற்றதுக்கு துண்டுச் சீட்டு. சில இடத்தில் சீட்டும் இல்லை. கட்டண ஆர்டரைக் காட்டச் சொல்லி கேளுங்கள். கட்டுகிற ஒவ்வொரு ரூபாய்க்கும் பள்ளி பெயர் அச்சிட்ட ரசீது வாங்குங்கள். நாளைக்கு புகார் கொடுக்கப் போனால் அது ஒன்றுதான் கையில் இருக்கும்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். வருட பீஸ் ரூ.16 ஆயிரம் என்று சொல்கிறார்கள் என்று வையுங்கள். புத்தகம், நோட்டு ரூ.3 ஆயிரம். யூனிபார்ம், ஷூ, டை ரூ.2,500. வேனுக்கு மாதம் ரூ.900 வீதம் 10 மாதத்துக்கு ரூ.9 ஆயிரம். மொத்தம் ரூ.30,500 ஆச்சு. எல்.கே.ஜி. முதல் 5-ம் வகுப்பு வரை 7 வருடம். பைசா ஏற்றாமல் இருந்தாலே ரூ.2 லட்சத்து 13 ஆயிரத்து 500. இரண்டு பிள்ளை இருந்தால் அதை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். முதல் வருடம் எப்படியாவது கட்டிவிடுவோம். மூன்றாவது வருடம்தான் மூச்சு முட்டும்.

25 சதவீத இடம் என்னாச்சு?

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. தனியார் பள்ளியில் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடம் ஏழை, நலிந்த பிரிவு பிள்ளைகளுக்கு. பீஸை அரசே கட்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

நம்ம பக்கத்தில் இதில் ஒரு சிக்கல். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. நெல்லைச் சீமையில் மிஷன் பள்ளிகள்தானே தெருவுக்குத் தெரு. வீட்டில் இருந்து ஒரு கிலோமீட்டர் என்ற தூரக் கணக்கு வேறு. கிராமத்துக்காரருக்கு அந்த எல்லைக்குள் ஒரு தனியார் பள்ளியும் இருக்காது.

2025-ல் இன்னும் மோசம். மத்திய அரசு கல்வி நிதியை நிறுத்தி வைக்க, மாநில அரசு சேர்க்கையை நிறுத்தி வைக்க, ஜூனில் நடக்க வேண்டிய சேர்க்கை அக்டோபரில்தான் நடந்தது. அதற்குள் கடன் வாங்கி பீஸ் கட்டி பிள்ளையைச் சேர்த்தவர்கள் எத்தனை பேர்? கட்டினதைத் திருப்பிக் கொடுங்கள் என்று பள்ளிகளுக்கு உத்தரவு போனது. இரண்டு அரசும் மல்லுக்கு நின்றதில் நடுவில் வட்டி கட்டினது தகப்பன்தான். இந்த இடம் கிடைத்தால் லாபம், ஆனால் அதை நம்பி மட்டும் இருக்காதீர்கள். கிடைத்தாலும் வேன் காசு நம் பையில் இருந்துதான்.

இதே சட்டத்தில் பிள்ளைக்கோ, பெற்றோருக்கோ இண்டர்வியூ வைத்து வடிகட்டக் கூடாது என்றும் இருக்கிறது. மீறினால் முதல் தடவை ரூ.25 ஆயிரம் வரை அபராதம். அப்பா என்ன படிச்சிருக்கார், அம்மாவுக்கு இங்கிலீஷ் வருமா என்று கேட்டு முகத்தைச் சுளிக்கிற இடத்தில் கூனிக் குறுகி நிற்க வேண்டிய அவசியம் இல்லை.

உள்ளூர் பள்ளி ஏன் கசக்குது?

தனியாரை மட்டும் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. ஜனம் அங்கே ஓடுவதற்குக் காரணம் இருக்கிறது. 60 பிள்ளை வரை இருக்கும் தொடக்கப்பள்ளிக்கு 2 ஆசிரியர்தான் கணக்கு. அஞ்சு வகுப்புக்கு ரெண்டு டீச்சர். அதில் ஒருவர் மீட்டிங்குக்குப் போனாலோ, லீவு போட்டாலோ அன்றைக்கு எல்லாம் ஒரே வகுப்புதான். பிள்ளை குறைந்தால் ஆசிரியர் குறைவார், ஆசிரியர் குறைந்தால் இன்னும் நாலு பிள்ளை வேன் ஏறும். இந்த வட்டத்தை உடைக்காமல் சேர்க்கை ஊர்வலம் நடத்தி என்ன செய்ய?

அதே நேரம் பெற்றோர் தெரிந்துகொள்ளாத சில விஷயமும் இருக்கிறது. 2012-13-ல் இருந்தே பல அரசு பள்ளிகளில் இங்கிலீஷ் மீடியம் தொடங்கிவிட்டார்கள். சமச்சீர் கல்வி 1-ம் வகுப்புக்கு வந்தது 2010-ல். அதன் பிறகு மெட்ரிக் பள்ளிப் பிள்ளை படிப்பதும், அரசு பள்ளிப் பிள்ளை படிப்பதும் ஒரே பாடத்திட்டம். இங்கே புத்தகம் இலவசம், அங்கே காசு. 2023 ஆகஸ்ட்டில் காலை உணவுத் திட்டம் எல்லா அரசு தொடக்கப்பள்ளிக்கும் வந்தது. 2024 ஜூலையில் கிராமப்புற அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்தது. காலை 5 மணிக்கு வேலைக்குப் போகிற தாய்க்குத் தெரியும் அதன் அருமை.

டி.டி.டி.ஏ. பள்ளி, ஆர்.சி. பள்ளி என்று நம் ஊர்களில் இருப்பதில் பெரும்பாலானவை அரசு உதவிபெறும் பள்ளிகள். ஆசிரியர் சம்பளம் அரசு தருவது. வேனுக்குக் காசு கட்டும் முன்னால் அங்கேயும் ஒரு நடை போய், எத்தனை டீச்சர் இருக்கிறார்கள், 3-ம் வகுப்புப் பிள்ளை தமிழ் வாசிக்குதா, கழித்தல் கணக்கு போடுதா என்று பார்ப்பதில் காசு செலவு ஒன்றும் இல்லை. டை கட்டிய பள்ளியிலும் இதே சோதனைதான். ஆங்கிலத்தில் ரைம்ஸ் ஒப்பிப்பதை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம்.

பலரும் நினைப்பது போல, ஆரம்பத்தில் தனியாரில் படித்துவிட்டால் அரசு சலுகை எல்லாம் போய்விடும் என்பதும் இல்லை. மருத்துவப் படிப்பில் 2020-ல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்குப் பார்ப்பது 6-ம் வகுப்பில் இருந்துதான். ஆகவே 5 முடித்ததும் எங்கே போடுவது என்பதை இப்போதே யோசித்து வைப்பது நல்லது.

நாலு வழிச்சாலையில் வேன்

வேன் விஷயத்தை விட முடியாது. 2012-ல் தாம்பரம் பக்கம் முடிச்சூரில் பள்ளி பஸ் தரையில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து 2-ம் வகுப்புச் சிறுமி இறந்த பிறகுதான் பள்ளி வாகனங்களுக்குத் தனி விதியே வந்தது. மஞ்சள் பெயிண்ட், உதவியாளர், அவசர வழி, முதலுதவிப் பெட்டி, தீயணைப்பான் எல்லாம் கட்டாயம். நம்ம பக்கத்து வேன்களில் பல வள்ளியூர், பணகுடி, காவல்கிணறு நாலு வழிச்சாலையைக் குறுக்கே கடக்கிறவை. உதவியாளர் இருக்காரா, ஒரு சீட்டில் எத்தனை பிள்ளையைத் திணிக்கிறார்கள், இறக்கிவிடுவது ரோட்டின் எந்தப் பக்கம் என்று ஒருநாள் நின்று பாருங்கள். பள்ளி வேனா, பள்ளி பெயரைச் சொல்லி ஓடும் வெளி ஆட்டோவா என்பதையும் கேளுங்கள். ஆட்டோவில் ஏதாவது ஆனால் பள்ளி கைவிரித்துவிடும்.

சேர்த்த பிறகு பிடிக்கவில்லை, பீஸ் கட்ட முடியவில்லை, வேறு பள்ளிக்கு மாற்ற வேண்டும் என்று வருபவர்களை டி.சி.யைப் பிடித்து வைத்து மிரட்டுவது பழைய வழக்கம். பாக்கியை வசூல் பண்ண டி.சி.யைக் கருவியாக்கக் கூடாது, பாக்கி இருக்கு என்று அதில் எழுதவும் கூடாது என்று 2024 ஜூலையில் சென்னை ஹைகோர்ட் தெளிவாகச் சொல்லிவிட்டது. இப்படி யாராவது மிரட்டினாலோ, கூடுதல் பீஸ் கேட்டாலோ, தனியார் பள்ளிகளுக்கான மாவட்ட கல்வி அலுவலரிடம் ரசீது நகலோடு எழுதிக் கொடுக்கலாம். எழுத வராதவர்கள் பள்ளிக் கல்வித்துறை உதவி எண் 14417-க்கு போன் போடலாம்.